உள்பக்கத்து ஓட்டை

கீழ்வீட்டில் இருக்கும் கொழுந்தன் பெண்டாட்டிதான் என் சைக்கிளைக் குத்துகிறாள் என்று சத்தியமே செய்திருப்பேன். தையல்காரி, ஊசிக்குப் பஞ்சமா? இன்று காலையும் பின்சக்கரம் காற்றிறங்கிச் சப்பையாகக் கிடந்தது. இன்னொரு நாள் தாமதமாக வந்தால் வேலையே கிடையாது என்று பேக்கரி சூப்பர்வைசர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

மாடிப்படியில் நின்றே கத்தினேன். "நல்லா இருப்பியாடி நீ? என் பொழப்புல ஏன் மண்ணைப் போடற?"

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க அக்கா. நான் குத்துனதைப் பாத்தீங்களா?"

"விடு, நான் ஒட்டித் தர்றேன்," என்றார் என் கணவர். எப்போதும் அவர்தான் பஞ்சர் பார்ப்பார். சண்டையை விலக்க மட்டும் வரமாட்டார். டம்ளரும் கையுமாக வேடிக்கை பார்ப்பார்.

இன்று அவருக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நானே டியூபை உருவி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினேன். குமிழி வந்தது வெளியே டயர் பக்கமல்ல, உள்ளே ரிம் பக்கம். பழைய ஒட்டுகளும் அதே பக்கம்தான். வெளியிலிருந்து குத்தினால் டயர் பக்கமல்லவா ஓட்டை விழ வேண்டும்?

ரிம்மின் உள்ளே தடவினேன். சக்கரக் கம்பிகளின் முனைகள் விரலைக் கீறின. அவற்றை மூடியிருக்க வேண்டிய ரப்பர் பட்டையைக் காணோம். இந்தச் சக்கரத்தைத் திறக்கிறவர் வீட்டில் ஒருவர்தான்.

"பட்டை எங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கழட்டிட்டேன். நீ வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும். வீட்டுல இரு."

"நான் அவகூட நாய் மாதிரி சண்டை போட்டேனே?"

"நானா போடச் சொன்னேன்?"

கொடியில் அவருடைய நல்ல பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து நீளமாக ஒரு பட்டை வெட்டி, வால்வுக்குத் துளை விட்டு ரிம்மைச் சுற்றிக் கட்டினேன். ஓட்டையை ஒட்டிச் சக்கரத்தை மாட்டினேன்.

"அடியே, அது என் பேன்ட்டு!"

"நீங்களும் வீட்டுல இருங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டபோது கொழுந்தன் பெண்டாட்டி கையைக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "மன்னிச்சிடு," என்றேன்.

"எனக்கு எதுக்கு உங்க மன்னிப்பு? தெருவுக்கே கேக்கறமாதிரி திட்டுனீங்கல்ல? அதே மாதிரி சொல்லிட்டுப் போங்க."

நேரமாகிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தெருவில் நிறுத்தி, தொண்டை கிழியக் கத்தினேன். "இவ குத்தல! என் புருஷன்தான், நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவள் முகம் இளகவில்லை.

"இப்பப் போங்க," என்றாள். "இதுக்கு மேல நின்னா அந்தாளு ஜெயிச்சிருவாரு."