இன்றைய தேதி எடுக்காது

பட்டன்காரர் என்றால் அந்த அலுவலகத்தில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். சட்டைப் பட்டன் இல்லை. திரையில் நாம் அமுக்குகிறோமே, அந்தப் பட்டன். பட்டன், பட்டியல், தேதி எடுக்கும் பெட்டி என்று இணையப் பக்கங்களுக்கு வேண்டிய உறுப்புகளை எட்டு வருஷம் உட்கார்ந்து செய்து, ஒரே டூல்கிட்டாகக் கட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் அதிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தலாம், அவ்வளவுதான், கை வைக்கக் கூடாது. ஒரு பட்டனின் மூலையை வளைக்க வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

தலை நிமிராமலே சொல்வார்: "டிக்கெட் போடுங்க, பாக்கலாம்."

டிக்கெட் என்பது கணினியில் எழுதிப் போடும் மனு. போட்டவர்களுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். கண்ணாடிக்காரி என்று ஒருத்தி, கெட்டிக்காரப் பெண், மூலை வளைந்த பட்டனுக்காக மூன்று வாரம் காத்திருந்துவிட்டு நேரில் போய்க் கேட்டாள். நாலு பேர் முன்னால் சொன்னார்: "மூலை வளைஞ்சா உன் மூளை நேராயிடுமா?"

அவள் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அவருடைய பட்டனை அப்படியே காப்பியடித்துத் தன் இணையப் பக்கத்துக்குள்ளேயே வைத்து, மூலையை வளைத்துக்கொண்டாள். பக்கத்து மேசை பார்த்தது. அதற்குப் பக்கத்து மேசையும் பார்த்தது. இரண்டு வருஷத்தில் அலுவலகமே இப்படித்தான் வேலை செய்தது. மனுஷனுக்கு மட்டும் வாசனை எட்டவில்லை. "பாத்தீங்களா, இப்பல்லாம் டிக்கெட்டே வர்றதில்ல. குறை இருந்தாத்தானே வரும்!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வேலையில்லாமல் வீட்டில் கிடந்த மச்சினனை அங்கே சேர்த்துவிட்டதும் இவர்தான். சேர்த்துவிட்டதை மறக்கிற ஆளா? மாமியார் வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், "நான் தூக்கி விடலைன்னா இவன் இன்னும் போர்வைக்குள்ளதான்" என்பார். மச்சினன் சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றுவான்.

இந்த நிலைமையில் மேலிடத்துக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே இலவசமாகவே டூல்கிட் கிடைக்கும்போது சொந்தமாக ஒன்று எதற்கு, அதற்கு ஒரு ஆள் எதற்கு? நம்முடையதை எத்தனை பக்கங்கள் பயன்படுத்துகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். பாதிக்கு மேல் இருந்தால் பட்டன்காரர் இருப்பார். இல்லாவிட்டால் டூல்கிட்டோடு அவரும் போக வேண்டியதுதான். எண்ணும் வேலை மச்சினனுக்கு.

"நல்லா எண்ணட்டும்," என்றார் பட்டன்காரர். "எண்ணி முடிக்கவே ஒரு வாரம் ஆகும்."

பதினோரு நிமிஷம் ஆனது.

"மொத்தம் நானூத்திப் பன்னெண்டு பக்கம்," என்று கூட்டத்தில் வாசித்தான் மச்சினன். "நம்ம டூல்கிட்டிலேருந்து நேரா எடுத்துக்கறது மூணு. வேலையை விட்டுப் போறவங்க நிரப்பற படிவம், டிக்கெட் பக்கம், அப்புறம் யாருமே திறக்காத பார்க்கிங் பட்டியல்."

பட்டன்காரர் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து சுவர்த் திரையைத் தொட்டே காட்டினார். "இது என் பட்டன்! அமுக்கினா ஒரு நிழல் விழுது பாருங்க, அதுக்கு மட்டும் ஒரு மாசம் உக்காந்தேன்! ஏம்மா, நீ சொல்லு. எங்கேருந்து எடுத்தே?"

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டாள். "மூலையைப் பாருங்க சார். வளைஞ்சிருக்கே. உங்களோடது நேராத்தானே இருக்கும்?"

அறை சிரித்தது. மேலாளர் அம்மாவும் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் சிரித்தார்.

கூட்டம் முடிந்து நடையில் பட்டன்காரர் மச்சினனின் கையைப் பிடித்தார். "காப்பியடிச்சதையும் சேத்து எண்ணியிருக்கலாமேடா?"

"எண்ணினேன் மாமா. மிச்சம் நானூத்தி ஒம்பதும் உங்களோடதுதான்."

"அப்புறம் ஏண்டா வாயே திறக்கல?"

"அதை யாரும் கேக்கலையே. புது டூல்கிட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமாம் மாமா." கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அடுத்து எங்கே போய்ச் சேரவும் அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதற்கு விலகல் படிவத்தை நிரப்ப வேண்டும். 'கடைசி வேலை நாள்' என்ற இடத்தில் இன்றைய தேதியை அமுக்கினார். எடுக்கவில்லை. அந்தப் பெட்டி நாளையிலிருந்துதான் எடுக்கும். இன்றைய தேதி யாருக்கும் தேவைப்படாது என்று அவரே முடிவு செய்தது. நாலு வருஷம் முன்பு ஆள்சேர்ப்புக் குமாஸ்தா அதற்கு டிக்கெட் போட்டதும், 'இது பிழையில்லை, யோசித்துச் செய்தது' என்று தானே எழுதி அதை மூடியதும் ஞாபகம் வந்தது.

குமாஸ்தாவிடம் ஓடினார். "நாளைக்குன்னு போட்டுடவா?"

"நாளைக்கு நீங்க இங்க ஆளே இல்லையே சார். நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

டூல்கிட்டைத் திருத்தும் அனுமதியைக் காலையிலேயே பிடுங்கி மச்சினனிடம் கொடுத்திருந்தார்கள். அஞ்சு மணிக்குக் கணினிக்குள் நுழையும் அனுமதியும் போய்விடும். மணி நாலே முக்கால். மச்சினன் மேசை முன்னால் போய் நின்றார். நாற்காலி தருவதற்கு யாரும் எழவில்லை.

"ஒரே ஒரு வரிடா. மாத்தி விடு. உங்க அக்காவுக்காகவாவது."

மச்சினன் தலை நிமிரவில்லை. "டிக்கெட் போடுங்க மாமா, பாக்கலாம்."

திரும்பி வந்து டிக்கெட் பக்கத்தைத் திறந்தார். விவரத்தைப் பணிவாக, தயவுசெய்து என்று இரண்டு தடவை போட்டு எழுதினார். கடைசியில் ஒரு கட்டம்: 'எந்தத் தேதிக்குள் வேண்டும்?'

இன்றைய தேதியை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அஞ்சு அடிக்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார்.