அரை லிட்டர் தண்ணீர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. கல்லூரி ஆய்வகத்தின் பின்னறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். காதைக் கழற்றியா வைக்க முடியும்?

முதல் தொடக்கம்: ‘அறிவியல் என்பது உண்மையைத் தேடும் ஓர்…’ (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: ஆய்வக உதவியாளர் அக்கா, அளவுக்கோடு போட்ட வாளியில் ஐந்து லிட்டர் சோடா உப்புக் கரைசல் கலக்கினாள், மூட மறந்தாள். ஃபோனில் நாத்தனாரைப் பற்றிய பேச்சு. அந்த ருசியில் மூடியா நினைவுக்கு வரும்? இரண்டு வாரம் மின்விசிறி சுற்றியதில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனது. உப்பு எங்கே போகும்? அத்தனையும் மிச்ச நாலு லிட்டருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தது.

(அன்றே ஒரு லிட்டர் தண்ணீர் விட்டிருந்தால் செறிவு பழையபடி ஆகியிருக்கும். எனக்குக் கதை கிடைத்திருக்காது.)

2.

செய்முறைத் தேர்வு. கோடு போட்ட கண்ணாடிக் குழலிலிருந்து அந்தக் கரைசல் இருபது மில்லி இறங்கியதும் கீழே குடுவையிலுள்ள அமிலத்தின் நிறம் மாற வேண்டும். செறிவு கூடியதால் பதினாறிலேயே மாறியது. ஆனால் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் ‘இருபது’ என்றே எழுதினார்கள். துறைத்தலைவர் முந்தின நாளே விடையைக் காதில் ஓதியிருந்தார். அன்று வகுப்புக்கு வராத ஒருத்தி மட்டும் கண்ணால் பார்த்ததை எழுதினாள்.

(துறைத்தலைவரைக் கொஞ்சம் நல்லவராக்கப் பார்த்தேன். மனுஷன் ஒத்துழைக்கவில்லை.)

“என்னம்மா, எல்லாரும் இருபதுங்கறாங்க, நீ மட்டும் பதினாறுங்கற?” என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்.

“மூணு தடவை செஞ்சேன் சார். மூணு தடவையும் பதினாறுதான்.”

“கண்ணுல கோளாறு சார். ஃபெயில் போட்டுடுங்க” என்றார் துறைத்தலைவர்.

“எதுக்கு வம்பு? நானே செஞ்சு பாக்கறேன்.” தேர்வாளர் ஆய்வக அக்காவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, கொஞ்சம் கரைசல் கொண்டாங்க.”

3.

அக்கா பின்னறைக்கு வந்தாள். காலை அவசரத்தில் கவனிக்காததை இப்போதுதான் பார்த்தாள்: ஐந்து லிட்டர் கோட்டில் வெள்ளையாய் உப்பு வளையம். மூடாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

வாளியில் மிச்சம் இரண்டு லிட்டர். நாலுக்கு ஒன்று என்றால் இரண்டுக்கு அரை: அரை லிட்டர் தண்ணீர் விட்டால் இருபது வரும். அந்தப் பெண் தொலைந்தாள். விடாவிட்டால் பதினாறு, துறைத்தலைவரின் குட்டு உடையும், மூடாத வாளியின் கதையும் சேர்ந்தே சந்திக்கு வரும். அக்காவின் பணி நிரந்தர ஆணையோ அந்தத் துறைத்தலைவரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

முடிவு அ: அக்கா குழாயைத் தொடவில்லை. உண்மை வென்றது. எல்லோரும் கை…

“உனக்கென்ன?” அக்கா ஜன்னல் வழியே என்னை முறைத்தாள். “எழுதிட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவ. நாளைக்கு எனக்கு வேலை நீயா தருவ?”

முடிவு ஆ: திறந்தா… (உள்ளே அந்தப் பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

“அப்ப என்னதான் பண்ணப் போறீங்க அக்கா?”

“நீ சொல்லேன். ஊர் நியாயமெல்லாம் பேசறியே!”

‘முடிவு இ’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். தேர்வாளர் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார். அக்காவின் கை குழாயில் இருக்கிறது. நீங்களாவது சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக, துறைத்தலைவரின் செருப்புச் சத்தம் கேட்கிறது.