வாசலில் எண்ணிய பதினோரு பேர்

ஏணிக்கடைக்காரர் பேச எழுந்தால் ஊர் மன்றத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. அப்படி ஒரு வாய். பெயிண்ட், ஆணி, கயிறு, வாளி என்று எல்லாமும்தான் விற்றார்; ஆனால் கடைக்கு வெளியே வரிசையாகச் சாத்தி வைத்த ஏணிகளால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி.

அன்றைய வழக்கு இதுதான். மன்றத்தின் கையில் இருந்த பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். ஒன்று, கடைவீதியைப் புதுப்பிக்கலாம்: நடைபாதை, விளக்கு, சாக்கடைக்கு மூடி. இல்லாவிட்டால் பூங்காவைச் சரிசெய்யலாம்: பிய்ந்த வேலி, கழிப்பறை, உட்கார நாலு பெஞ்சு. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று ஒரு பெரிய மனிதர் சமாதானம் பேசப் போக, "பாதிக் கழிப்பறையைக் கட்டி வெச்சு என்னங்க பண்றது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டுவிட்டார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பூங்காவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால் முடிவெடுக்க வசதியாக இருக்கும் என்று மன்றத் தலைவி போன மாதமே சொல்லியிருந்தார். பூங்காவின் வாசல் ஏணிக்கடையை ஒட்டி இருந்தது. எண்ணும் வேலை அவரிடமே போய்ச் சேர்ந்தது. கடைவீதிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற மனிதரிடம் போய் இந்த வேலையைக் கொடுத்தார்களே, அவர்களை என்னவென்று சொல்வது!

"ஒரு வாரம்ங்க. கடை திறந்ததிலேர்ந்து மூடுற வரைக்கும் வாசல்லயே கண்ணா இருந்தேன்" என்று அவர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "எத்தனை பேரு வந்தாங்க தெரியுமா? பதினோரு பேரு! அதுலயும் ரெண்டு பேரு வழி கேட்டு வந்தவங்க, ஒருத்தரு காணாமப் போன நாயைத் தேடி வந்தவரு. யாருக்குங்க பெஞ்சு? காக்காய்க்கா?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. மளிகைக்கடைக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

அப்போதுதான் பூங்காவைப் பெருக்குகிற பெண் எழுந்தாள். சத்தம் போடுகிற ரகம் இல்லை அவள்.

"எந்த வாசல்லண்ணே எண்ணுனீங்க?"

"இருக்கறதே ஒரு வாசல்தானேம்மா?"

"அதுல ஒரு கதவை உங்க ஏணி அடைச்சிருக்கு, இன்னொரு கதவை உங்க டிரம்மு அடைச்சிருக்கு. நடுவுல ஒருத்தர் ஒருக்களிச்சு நுழையற சந்துதான் இருக்கு. அப்புறம் யாரு அந்த வழியா வருவாங்க? ஜனமெல்லாம் பின்னாடி வேலி பிஞ்ச ஓட்டையில குனிஞ்சுதான் வருது. தினம் அறுபது பேருக்குக் குறையாது. குப்பை அள்ளுறவ நான், எனக்குத் தெரியாதா?"

ஏணிக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது அவருக்குத் தெரியும். எண்ணத் தொடங்கிய மூன்றாம் நாளே, ஒரு குடும்பம் வாசலைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டார். 'வாசல்ல வர்றவங்களைத்தானே எண்ணச் சொன்னாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"அறுபதுன்னு வாய்க்கு வந்தபடி சொன்னா ஆச்சா? சாட்சி வேண்டாமா?" என்றார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"சாட்சிதானே? உங்க அக்காவையே கேளுங்க. நாலு மணி அடிச்சா வந்துடுவாங்களே!"

கூட்டம் மொத்தமும் சுவரோர நாற்காலிக்குத் திரும்பியது. அங்கே அக்கா உட்கார்ந்திருந்தாள். இவரைவிட ஆறு வயது பெரியவள். கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்குக் கொடுத்த பின்னறையில் கடையில் அடங்காத பெயிண்ட் டின்களை அடுக்கியிருந்தார் தம்பி. "ஒரே ஒரு மாசம்க்கா" என்று சொல்லி அடுக்கியது. இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வாடை அவளுக்கு ஆகாது, மூச்சை அடைக்கும். நாலு மணியானால் "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள். எங்கே போகிறாய் என்று இவர் ஒரு நாளாவது கேட்டாரா? கேட்கவில்லை.

போன வாரம் அவள் தன் ரவிக்கைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. "எப்படிக்கா கிழிஞ்சுது?" என்று கேட்டதற்கு, "ஆணியில மாட்டிக்கிச்சு" என்றாள். ஆணியாவது மண்ணாவது! வேலிக் கம்பி. அறுபது வயதைத் தாண்டியவள் தினமும் அந்த ஓட்டையில் குனிந்து நுழைந்திருக்கிறாள். இந்தப் பக்கம் தம்பியின் ஏணிகள் சொகுசாகச் சாய்ந்திருந்தன. 'கொஞ்சம் நகர்த்தி வைடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தம்பி வீட்டில் இருந்துகொண்டு தம்பி கடையைக் குறை சொல்வதா என்று சும்மா இருந்திருப்பாள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் தலைவி. "பார்க்குக்குப் போறதுண்டா?"

அக்கா முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தம்பியைப் பார்த்தாள்.

உள்ளதைச் சொல்லிவிடு என்று அவர் கண்ணாலாவது காட்டியிருக்கலாம். காட்டினாரா? எங்கே! நாலு பேர் முன்னால் மானம் போய்விடக் கூடாது என்ற ஒன்றுதான் அவர் மண்டைக்குள் ஓடியது. அது அப்படியே முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அக்கா அதைப் படித்துவிட்டாள்.

"இல்லம்மா. நான் அந்தப் பக்கமே போறதில்லை."

பெருக்குகிற பெண் அவளையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். கடைவீதிக்கு முப்பத்து நாலு, பூங்காவுக்கு முப்பத்து மூன்று. அந்த முப்பத்து நாலில் அக்காவின் கையும் ஒன்று. தோளுக்கு மேல் எழும்பாத அந்தக் கையில் தையல் போட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஏணிக்கடைக்காரரும் தன் கையை இறக்காமல் வைத்திருந்தார்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "கலக்கிட்டீங்க போங்க!" அவருக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீடு வரை அக்காவோடு நடந்தார். அவள் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஏணிகளையும் டிரம்களையும் நகர்த்தினார். பூங்காக் கதவின் துருவைச் சுரண்டினார், கீலுக்கு எண்ணெய் விட்டார், தோளைக் கொடுத்துத் தள்ளி விரியத் திறந்தார். நாலு மணிக்கு வாசலிலேயே போய் நின்றுகொண்டார். ஜனங்கள் வந்தார்கள். திறந்திருந்த கதவைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், உள்ளே போனார்கள். எண்ணிக்கை பத்து நிமிஷத்தில் பதினொன்றைத் தாண்டிவிட்டது. அக்கா வரவில்லை.

நாலரைக்குக் கடையைப் பக்கத்துத் தையல்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். அக்கா பின்னறையில், டின்களுக்கு நடுவே, மூக்கில் துணியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா போகலை? கதவைத் திறந்து வெச்சிருக்கேன். குனியவே வேண்டாம்."

"எப்படிடா போறது?" என்றாள் அக்கா. "போறதே இல்லைன்னு சபையில சொல்லியாச்சு. இன்னிக்குப் போய் உட்கார்ந்தா உன்னையில்ல பேசுவாங்க?" குழாய் ஒழுகுவதைச் சொன்ன அதே குரல். பிறகு இருமினாள். "கடையை விட்டுட்டு நீ ஏன் வந்தே? போ, போ."

அவர் கடைக்குப் போகவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனார். தலைவி நேற்றைய தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஏணி! நன்றி சொல்ல வந்தீங்களாக்கும்?"

"கணக்கு தப்புங்க."

"தப்பா எண்ணிட்டீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. ஊரே பாவம் மனுஷன் என்று விட்டுவிடும்.

"இல்லைங்க. பின்னாடி வந்தவங்களைப் பார்த்தேன். பார்த்தும் எழுதலை."

தலைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதை எல்லாரையும் கூட்டி வெச்சு, நீங்கதான் எழுந்து சொல்லணும்."

"சொல்றேன்."

"உங்க அக்கா போறதில்லைன்னு சொன்னாங்களே, அதுக்கு என்ன சொல்வீங்க?"

ஏணிக்கடைக்காரர் நோட்டை மேஜைமேல் வைத்தார்.

"அது அவங்க சொன்னதில்லைங்க" என்றார். "என் மூஞ்சியில இருந்ததைப் படிச்சாங்க."

தலைவி தீர்மானத்தைப் பாதியில் விட்டுப் பேனாவை மூடி வைத்தார்.