ஜூலியானாவின் கை

"இடப்பக்கமா இழுக்குதுங்க."

ஜூலியானா இதை முதல் தடவை சொன்னது மலைக்கு ரோடு பிரியும் சிம்பாங் பூலாய் சிக்னலில், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. பிரேக்கை மிதித்ததும் கார் ரோட்டோரத்தைப் பார்த்து நகர்ந்தது. அவள் ஸ்டேரிங்கைத் திருப்பிப் பிடித்து நிறுத்தினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் நைஜல் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காடி இழுக்கல. உன் கைதான் இழுக்குது. அவ்ளோ இறுக்கிப் புடிச்சா அப்படித்தான் லா."

அந்த வீட்டில் கார் விஷயத்தில் வாய் திறக்கும் உரிமை அவன் ஒருவனுக்கே உண்டு. வார நாட்களில் லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன், வருடத்துக்கு மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ்காரன் ஆகிவிடுவான். இதே பழைய சத்ரியா காரை செப்பாங் ரேஸ் தளத்துக்குக் கொண்டுபோய், தன்னைப் போன்ற ஆசைக்காரர்களோடு நேரம் பார்த்து ஓட்டிவிட்டு வருவான். கோப்பை எதுவும் வீட்டுக்கு வந்ததில்லை. பேச்சு மட்டும் குறையாமல் வந்தது.

ஜூலியானா டயாலிசிஸ் நர்ஸ். பதினெட்டு வருடம் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தாள். ஈப்போவில் அவள் வேலை செய்த மையத்தை மாத முடிவில் மூடுகிறார்கள். அதே முதலாளி மலைமேல் கம்போங் ராஜாவில் புது மையம் திறந்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். அந்த வேலையை நம்பித்தான் நாற்பத்தொரு வயதில் கார் லைசென்ஸ் எடுத்தாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். மலை ரோட்டில் தன்னால் ஓட்ட முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால் இன்று மையத்தைப் பார்க்கப் போகவும் வரவும் நானேதான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டாள்.

காரின் பின் கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான 'பி' ஸ்டிக்கரும் செப்பாங்கில் கொடுத்த எண் ஸ்டிக்கரும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன.

அந்தக் காரின் முன் சக்கரங்களைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேட் இரண்டு செட் உண்டு. செட்டுக்கு நான்கு, சக்கரத்துக்கு இரண்டு. ரோட்டுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே பேட் போதும் என்று நைஜல் முன்பு ஒன்றை வாங்கிப் பார்த்தான். அது செப்பாங்கில் மூன்றாவது சுற்றிலேயே பிடிப்பு விட்டது. ஈப்போ ரோட்டிலோ தெருவே திரும்பிப் பார்க்கும்படி கீச்சிட்டது. அதற்குப் பிறகு இரண்டாக வைத்துக்கொண்டான். ரோட்டுப் பேட் எடுத்த எடுப்பிலேயே பிடிக்கும், அதிகமாகச் சூடேறினால் சோர்ந்துவிடும். ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது தூங்கும், சூடேறினால்தான் கடிக்கும். மாறிப் போகாமல் இருக்க ரோட்டுப் பேட்டின் முதுகில் மஞ்சள் பெயிண்ட் தடவியிருந்தான். ரேஸ் பேட்டுக்கு ஜூலியானாவின் சிவப்பு நகப்பூச்சு. அதைக் கேட்காமல்தான் எடுத்தான்.

போன ஞாயிறு செப்பாங் போய் வந்ததிலிருந்து காரில் சிவப்புதான் இருந்தது. சனிக்கிழமை நான் ஓட்டணும், மாத்தி வைங்க என்று ஜூலியானா நான்கு நாள் சொன்ன பிறகு, வெள்ளி மாலை வீட்டு முன்னால் காரை ஜேக் போட்டுத் தூக்கினான். அது ஜெபமாலை மாதம். அன்பியத்தார், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தார், வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்வார்கள், அன்று இவர்கள் வீட்டு முறை. பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து எழுப்பிய தாமான் குடியிருப்பு அது. தோட்டத்துச் சனம் பாதி அப்படியே வரிசை வீடுகளுக்கு மாறியிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஏழரைக்கு வர வேண்டியவர்கள் ஏழுக்கே வந்துவிட்டார்கள். மாதா சுரூபத்தை ஏந்திக்கொண்டு அன்பியத் தலைவி பெட்ரீசியா அக்கா கேட்டில் நிற்க, பின்னால் இருபது பேர். நாற்காலி போட வேண்டிய இடத்தில் கார் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"காடிய எடுப்பா. மாதா எவ்ளோ நேரம் வெளிய நிப்பாங்க?" என்றார் அக்கா.

நைஜல் வலது சக்கரத்தை அவசரமாக மாட்டினான், நட்டுகளை முறுக்கினான், கீழே கிடந்த சாமான்களையெல்லாம் காரின் பின்பெட்டியில் தள்ளினான். காரை வெளியே விட்டு, கை கழுவி வந்து முழங்கால் போட்டான். அப்புறம் சாப்பிட மீகூன், குடிக்கத் தே ஓ, கேட்கச் செப்பாங் கதை. கதை முடியவே பத்து மணி ஆனது.

சனிக்கிழமை மலை ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலை இருக்கவில்லை. ஆனால் மிதித்தபோதெல்லாம் கார் இடப்பக்கம் சாய்ந்தது, ஜூலியானா ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நைஜல் வலது கையை நீட்டி ஸ்டேரிங்கைத் தொட்டுத் திருத்தினான். தொடுவதற்கு முன்பே அவள் திருப்பிவிட்டிருந்தாள். அதை அவன் கவனிக்கவில்லை.

"டயர்ல காத்து சரியா இருக்கா?"

"காத்து, பேட்டு எல்லாம் நேத்தே பாத்தாச்சு. நீ ரோட்ட பாரு."

அவன் பொய் சொல்லவில்லை. இரண்டு சக்கரங்களையும் கழற்றி மாட்டியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

கம்போங் ராஜாவில் தலைமை நர்ஸ் சாந்தினி மையத்தைச் சுற்றிக் காட்டினாள். பத்துப் படுக்கை, பத்து இயந்திரம், புதுப் பெயிண்ட் வாசனை. ஜூலியானா ஒவ்வொரு இயந்திரத்தையும் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

"ரோடு எப்படி இருந்துச்சு?" என்று சாந்தினி கேட்டாள்.

ஜூலியானா வாய் திறப்பதற்குள், தன் செப்பாங் கதையை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்த நைஜல் முந்திக்கொண்டான். "இன்னும் கை நிலைக்கல சிஸ்டர். பிரேக் அடிச்சா காடி ஓரத்துக்குப் போயிருது. வழிபூரா நாந்தான் ஸ்டேரிங்க புடிச்சுக்கிட்டு வந்தேன்."

சாந்தினியின் முகம் மாறியது. "இங்க பேஷண்டுங்க ஆறரைக்கே வந்து காத்திருப்பாங்க. நர்ஸ் வரலேன்னா மிஷின் ஓடாது. ஜூலியானா, நல்லா யோசிங்க. அஞ்சு மணிக்குள்ள பதில் வரலேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்புட்டுருவேன்."

காரில் ஏறியதும் ஜூலியானா சாவியைக் கையில் வைத்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். "எறங்கும்போதும் நாந்தான் ஓட்டுவேன். இதுலயும் முடியலேன்னா விட்டுர்றேன்" என்றாள். மணி இரண்டரை.

இறக்கம் தொடங்கியது. தூறலில் ரோடு நனைந்து கிடந்தது. வளைவுக்கு வளைவு ஜூலியானா பிரேக்கை மிதித்தாள், புதிதாக ஓட்டுகிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. இடப்பக்க இழுப்பு குறைந்து, கார் கொஞ்ச நேரம் நேராகவே போனது. அவள் தோள்கள் இறங்கின. அப்புறம் ஒரு வளைவில் கார் வலப்பக்கம் சாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டது.

"இப்ப வலப்பக்கம் இழுக்குதுங்க."

நைஜல் சிரித்தான். "ஏறும்போது லெஃப்ட்டு, எறங்கும்போது ரைட்டா? காடிக்கு என்ன பேயா புடிச்சிருக்கு? இப்பவாச்சும் தெரியுதா, உன் கைதான்னு."

அடுத்த வளைவில் காய்கறி லோரி ஒன்று எதிரே ஏறி வந்தது. ஜூலியானா மிதித்தாள். கார் கோட்டைத் தாண்டி லோரியை நோக்கிப் போனது. ஹாரன் காதைப் பிளந்தது. ஜூலியானா உடம்பையே சாய்த்து ஸ்டேரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். லோரி கண்ணாடியை உரசுகிற தூரத்தில் கடந்து போனது. நைஜலின் வலது கை ஸ்டேரிங் வரைக்கும்கூடப் போயிருக்கவில்லை.

"எனக்கு இந்த வேல வேணாம்" என்றாள் அவள். கண் ரோட்டை விட்டு நகரவில்லை. "நீங்க சொன்னது சரிதான். எனக்குக் கை வரல."

அப்போதுதான் நைஜலுக்கு அந்த வாடை வந்தது. செப்பாங்கில் பழகிய, பேட் வேகிற வாடை. தன் பக்கத்துச் சன்னல் வழியாக வந்தது. இடப்பக்கத்துப் பேட் வெந்து சோர்ந்திருக்கிறது. அப்படியானால் வலப்பக்கம் ஏன் இன்னும் கடிக்கிறது? ஏறும்போது லெஃப்ட், இறங்கும்போது ரைட். கேலி செய்வதற்காகத் தான் சொன்ன வார்த்தையையே திரும்ப எண்ணிப் பார்த்தான். குளிரில் இடப்பக்கம் மட்டும் பிடித்தது. சூட்டில் வலப்பக்கம் மட்டும் பிடிக்கிறது. பெட்ரீசியா அக்கா கேட்டில் நின்றபோது வலது சக்கரம் கழன்று கிடந்தது, உள்ளே சிவப்புப் பேட் அப்படியே இருந்தது. அவன் சக்கரத்தை மட்டும் மாட்டினான். பேட்டை மாற்றவே இல்லை.

முன்னால் ரோடு இன்னும் செங்குத்தாக இறங்கியது, பின்னால் வேறொரு லோரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஜூலி, பிரேக்கிலேருந்து கால எடு."

"என்னது?"

"கால எடு. கியர மூணுல போடு. இப்ப ரெண்டு."

என்ஜின் அலறியது, வேகம் குறைந்தது. பின்னால் லோரி ஹாரன் அடித்தது. இரண்டு வளைவு தாண்டி, பெத்தாய்க் காய் விற்கும் கடை ஒன்று பூட்டிக் கிடந்த இடத்தில் ரோட்டோரம் அகலமாக இருந்தது. "அங்க நிறுத்தணும். மிதிச்சா வலப்பக்கம் போகும், நீ இடப்பக்கமே புடிச்சிரு, விட்டுராத" என்றான். ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்தான். அவள் மிதித்தாள். ஸ்டேரிங் அவள் கையில் உதறியது. அவள் விடவில்லை. கார் சரளைக்கல்லில் இறங்கி, கடை வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. லோரி அவர்களைக் கடந்து போனது.

ஜூலியானா நெற்றியை ஸ்டேரிங்கில் வைத்து அழுதாள். "சாந்தினி சிஸ்டருக்கு லைன் போடுங்க. வேணாம்னு சொல்லிர்றேன்."

நைஜல் கைப்பேசியைப் பார்த்தான். சிக்னல் இல்லை. கூடவே ஒன்று தோன்றியது, தோன்றியதற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது. நீ களைச்சுப் போயிட்ட, நா ஓட்டறேன் என்று சொன்னால் போதும். இரண்டாம் கியரிலேயே இறங்கி வீடு சேரலாம், பேட்டை மாற்றிவிடலாம். அவளுக்கு எதுவுமே தெரிய வராது. வாரத்தில் மூன்று நாள் கார் கையைவிட்டுப் போகாது. தன் கைதான் சரியில்லை என்று ஆயுசுக்கும் நம்பிக்கொண்டிருப்பாள்.

அவன் இறங்கிப் போய்ப் பின்பெட்டியிலிருந்து, கழற்றிய பேட்டைப் போட்டு வைக்கும் மைலோ டின்னை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான். உள்ளே மஞ்சள் இரண்டு, சிவப்பு இரண்டு.

"நாலும் சிவப்பா இருக்கணும்" என்றான். "நேத்து லெஃப்ட்டு மட்டும்தான் மாத்திருக்கேன். ரைட்டு மாத்தறதுக்குள்ள அக்கா வந்துட்டாங்க. நா மறந்துட்டேன். உன் கை இல்ல ஜூலி. என் கை."

அவள் ஒரு சிவப்புப் பேட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தன் நகப்பூச்சை அடையாளம் கண்டுகொண்டாள். "நா எத்தன தடவ சொன்னேன்?"

"ஏழெட்டுத் தடவ."

"பதினொன்னு" என்றாள். "லோரிக்காரனுக்குப் பொறவு எண்ணல."

அவன் ஜேக்கை எடுத்தான். சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்தும் விரல் சுட்டது, சுட்டதை அவன் சொல்லவில்லை. சிவப்பைக் கழற்றி மஞ்சளை வைத்துச் சக்கரத்தை மாட்டும்போது ஜூலியானா பக்கத்தில் குந்தினாள். "இருங்க" என்று குனிந்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தாள். அடுத்த பக்கம் போய்ச் சக்கரத்தின் இடைவெளி வழியாக அங்கேயும் பார்த்தாள். பிறகு டின்னில் சிவப்பு நான்கு இருக்கிறதா என்று எண்ணினாள். அவளே ஸ்பேனரை வாங்கிக் கடைசி நட்டை முறுக்கினாள்.

மணி நாலேகால். அவள் ஸ்டேரிங் பக்கம் ஏறினாள்.

"லைன் கெடச்சா சொல்லுங்க."

"நீதான பேசணும்?"

"கை நிலைக்கலன்னு சொன்னது நானா? சொன்னவரே பேசட்டும்."

இரண்டாம் கியரில், என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ள, மெதுவாக இறங்கினார்கள். மிதிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மிதித்தாள். கார் நேராக நின்றது. நைஜல் கைப்பேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபடி வந்தான். நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. அவளும் மணியைப் பார்த்தாள், வேகத்தைக் கூட்டவில்லை. ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது சிக்னல் இரண்டு கோடு தெரிந்தது.

"சிஸ்டர், நா நைஜல். ஜூலியானா வீட்டுக்காரர்."

"சொல்லுங்க. முடியாதுன்னு சொல்றீங்களா?"

"இல்ல சிஸ்டர். அங்க வந்து நா சொன்னது தப்பு. காடி இழுத்தது அவ கையால இல்ல. பிரேக் பேட்ட ஒரு பக்கம் மாத்திட்டு இன்னொரு பக்கம் நா மறந்துட்டேன்."

"நீங்க ரேஸ் ஓட்டுறவர்தான?"

"ஆமா."

"அந்தக் காடியவா அவங்க இவ்ளோ தூரம் ஓட்டிக்கிட்டு வந்தாங்க?"

"ஆமா சிஸ்டர். எறங்கும்போது லோரிக்கு நேராப் போச்சு. அவதான் புடிச்சுத் திருப்புனா. நா புடிக்கல." கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான். "ஏறும்போதும் நா புடிக்கல. சும்மா சொன்னேன்."

"இப்ப ஸ்டேரிங் யார் கைல?"

"அவ கைல."

"அப்ப நீங்க பேசாம ஒக்காந்து வாங்க. ஒன்னாந்தேதி ஆறரைக்கு வந்துரச் சொல்லுங்க."

நைஜல் அதை அப்படியே சொன்னான். முன்னால் ஒரு வளைவு வந்துகொண்டிருந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். பழக்கத்தில் நைஜலின் வலது கை ஸ்டேரிங்கை நோக்கி எழுந்தது. அவள் அதைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.