பெயர் வெட்டிய மாத்திரை

எங்கள் மருந்துக்கடையில் 'செட்' என்று ஒன்று உண்டு. வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, பழுப்பில் அரை. காலையிலேயே காகிதக் கவர்களில் போட்டு டப்பாவில் அடுக்கிவிடுவோம். சளி, காய்ச்சல், உடம்பு வலி, எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அதேதான். முதலாளி மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கும்படி வெட்டுவார். பெயர் தெரிந்தால் அடுத்த கடையில் வாங்கிவிடுவார்களாம். என்ன மூளை பாருங்கள்.

அது தானாக வந்து தானாகப் போகிற காய்ச்சல் என்று எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். ஆரம்பத்தில் சொல்லியும் பார்த்தேன். "வெந்நீர் குடிங்க, ரெண்டு நாள் படுங்க, போயிடும்." ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மருந்து இல்லைன்னா இல்லைன்னு சொல்லேன்" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். காய்ச்சல் தானே விடும், நல்ல பெயர் செட்டுக்குப் போகும். எனக்குக் கைராசி என்று வேறு பேச்சு. கேட்கப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஒருநாள் மதியம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"என்ன டாக்டரம்மா, அண்ணனைக் கொஞ்சம் கவனிக்கிறது."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "லேசாத்தான் சுடுது. வீட்டுல போய்ப் படு."

"நான் படுத்தா வண்டிய யாரு ஓட்டுவா, நீயா? ஊருக்கெல்லாம் மருந்து குடுக்குற, கூடப் பிறந்தவனுக்கு வெறும் வெந்நீரா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு கவரை எடுத்து நீட்டினேன்.

அவன் உடனே வாங்கவில்லை. பர்ஸிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தான். சின்ன வயதில் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வீங்கிப் பிழைத்தவன். அந்த மருந்தின் பெயர்தான் சீட்டில் இருந்தது.

"இதுல அது இல்லையே?"

கவருக்குள் பார்த்தேன். வெள்ளை, மஞ்சள், ரோஸ், பழுப்பு. முதலாளி சாப்பிடப் போயிருந்தார், அட்டை இருக்கும் இழுப்பறையின் சாவி அவரிடம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா என்று கூப்பிட்டவனிடம் அதை எப்படிச் சொல்வது?

"இல்லண்ணா. பார்க்காம குடுப்பேனா?"

அங்கேயே நின்று தண்ணீர் வாங்கி விழுங்கினான்.

அரை மணி நேரத்தில் அண்ணி போன் செய்தாள், வீட்டுக்கு வந்த அண்ணனுக்கு மூச்சு விட முடியவில்லை என்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏதோ ஒத்துக்கலை. என்ன சாப்பிட்டார்?" என்றார் டாக்டர்.

"வெளியில எதையாவது தின்னிருப்பார் டாக்டர். மருந்து இவதான் குடுத்தா, பார்த்துதான் குடுத்திருப்பா" என்றாள் அண்ணி.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

எட்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். முதலாளி இழுப்பறையைத் திறந்ததும் மஞ்சள் மாத்திரை அட்டையின் மிச்சத்தை எடுத்துப் பார்த்தேன். சீட்டில் இருந்த அதே பெயர். அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அன்றைக்குச் செட் கேட்டு வந்தவர்களுக்கு மஞ்சளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். ஒருவர் கவரைப் பிரித்துப் பார்த்து, "மஞ்சளைக் காணோமே" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாப்பாவுக்கு மேல் சுடுதும்மா. லேசாத்தான். ஆனா எனக்குப் பயமா இருக்கு, சும்மா பார்த்துக்கிட்டு இருக்க முடியல. வேற யாரையும் நம்பத் தோணல. அவருக்குப் பார்த்த மாதிரி நீயே பார்த்து ஏதாவது குடு."

குழந்தையை என் மடியில் உட்கார வைத்தாள். அது என் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"அண்ணி, அண்ணனுக்கு நான் பார்க்கல" என்றேன். "அதுல என்ன மருந்துன்னே அப்ப எனக்குத் தெரியாது. இல்லைன்னு சும்மா சொல்லிட்டேன்."

அண்ணி குனிந்து, குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள்.