முழங்கை அளவு

ஸ்டார் முனை ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துப் போட்டு, ஸ்பானர், குறடு, கருகிப்போன பல்புகள், எந்தக் கதவைச் சேர்ந்தவை என்று தெரியாத கீல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பியிருந்தாள். தட்டை முனை மூன்று இருந்தன. அவளுக்கு வேண்டியது அது இல்லை. முன்னறையில் ஒரு பெஞ்சின்மேல், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, அவளுடைய புருஷன் கிடந்தான்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. குரலில் அதிகாரம் மட்டும் குறையவில்லை.

"ஸ்க்ரூ டிரைவர் தேடறேன்."

"இப்பவா?"

"இப்பதான் வேணும்."

"வாசல்ல இருபது பேர் உக்காந்திருக்காங்க. செத்தவன் பொண்டாட்டி உள்ள பட்டறை போட்டு உக்காந்திருக்கான்னா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். உங்க அண்ணன் பெட்டியப் பாரு. ஒரு சாமானாவது இருக்க வேண்டியதோட இருக்கா? பல்லு குத்தற குச்சியக்கூட இதுல போட்டு வச்சிருக்காரு."

நாத்தனாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டையும் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "எதுக்குன்னாவது சொல்லித் தொலைங்க."

"அந்தக் கார் வருமில்ல? அதுல இருக்கற மேசையக் கழட்டணும்."

அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாத்தனார் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். குரலைத் தணித்து, "சரி, அப்புறம் கழட்டிக்கலாம். ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றாள்.

அவளுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷமாக அந்த மேசையைப் பற்றி அவள் இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை.

அவன் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஒரு பெண் அதிகாரிக்குக் கார் ஓட்டினான். ஒரே நாளில் மூன்று பள்ளிக்கூடம், நாலு பள்ளிக்கூடம் என்று அந்த அம்மாள் அலைவாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே காரிலேயே அறிக்கை எழுதுவாள். அவன் அவளை 'மேடம்' என்பான். இவள் 'பின்சீட்டம்மா' என்பாள். முதலில் அது வெறும் கேலி. "உங்க பின்சீட்டம்மா இன்னைக்கு எந்த வாத்தியார அழ வச்சாங்க?" என்று கேட்டால் அவனும் சிரித்துக்கொண்டே கதை சொல்வான்.

இவள் ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்தாள். ஒரு நாளைக்கு அறுபது சட்டை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் துணியைப் போட்டு, குனிந்து தைக்க வேண்டும். சாயங்காலம் நிமிர்ந்தால் முதுகெலும்பு நட்டு கழன்ற மாதிரி சத்தம் போடும். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "இருக்கற இடத்துல மேசைய வச்சா நாம சுவத்துலதான் தொங்கணும்" என்பான். மடக்கு மேசையாகச் செய்யலாமே என்று அவள்தான் சொன்னாள். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது சுவரோடு ஒட்டிவிடும். டிரைவர் ஆவதற்கு முன்னால் எட்டு வருஷம் பஸ் பாடி கட்டும் இடத்தில் வேலை பார்த்தவன். அவனுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப்போடு வந்து நின்றான்.

"கைய மடக்கு. தோள தொங்கப் போடு. அப்படியே இரு. மூச்சு விடாத."

"விடாம இருந்தா செத்துப்போயிடுவேன்."

"அரை நிமிஷத்துல யாரும் சாக மாட்டாங்க."

கட்டிலிலிருந்து அவள் முழங்கை வரைக்கும் அளந்தான். டேப்பின் தகரம் தோலில் சில்லென்று பட்டது. "ஒம்பதே கால்" என்று சொல்லிக்கொண்டே பெட்ரோல் ரசீதின் பின்னால் எழுதினான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று தோன்றியது. அன்று ராத்திரியே ஜன்னலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியை நகர்த்தி வேறு மூலைக்குத் தள்ளினாள்.

அடுத்த வாரம் பிளைவுட் வந்தது. அதற்கடுத்த வாரம் அதன்மேல் ஒட்ட மைக்கா வந்தது, தேன் நிறத்தில். பின்பக்கச் சந்தில் உட்கார்ந்து அவன் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஓரங்களுக்கு ரப்பர் ஒட்டினான். இரண்டாக மடித்தால் மொத்தமும் இரண்டு விரல் தடிமனுக்கு அடங்கியது. நாலாவது ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனவன் வீட்டுக்குள் திரும்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரின் பின்கதவு திறந்திருந்தது. முன்சீட்டின் முதுகில் அதை வைத்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"மேடத்துக்கு. பாவம், மடியில வச்சு எழுதறாங்க. பள்ளத்துல எழுத்தெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது."

"நானும் மடியிலதான் வச்சுத் தைக்கறேன்."

"உனக்கு என்ன, வீடு ஓடுதா?"

நல்ல நகைச்சுவை சொல்லிவிட்டதாக நினைத்து அவனே சிரித்தான். அவள் அன்றைக்குச் சோறு ஆக்கினாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். டிரங்குப் பெட்டியை மறுபடியும் ஜன்னலுக்குக் கீழே நகர்த்தினாள்.

மேசையைக்கூட மறந்திருப்பாள். டேப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அவளுக்கு அளந்த மாதிரி அந்த அம்மாளுக்கும் அளந்திருப்பான். கையை மடக்குங்க மேடம், தோளைத் தொங்கப் போடுங்க, மூச்சு விடாதீங்க. அந்த முழங்கையிலும் டேப்பின் தகரம் சில்லென்று பட்டிருக்கும். வேறு எதுவும் நடந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அப்படி எதுவும் நடந்திருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்கலாம். முழங்கையை அளந்ததற்காக எந்த ஊரைக் கூட்டுவது?

நேற்று பகல் பன்னிரண்டரைக்கு, நெடுஞ்சாலையில் ஓரமாகக் கார் நின்றது. மாரடைப்பு. பின்சீட்டில் அந்த அம்மாள் இருந்தாள். இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவள் அந்த நேரத்தில் முப்பத்தோராவது சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு இரண்டு மணிக்குக் கார் வந்தது. புது டிரைவர், வழுக்கைத் தலை, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டான். பின்கதவு திறந்து அந்த அம்மாள் இறங்கினாள்.

இத்தனை நாளில் இவள் மனசுக்குள் எத்தனையோ முகங்களை வரைந்து வைத்திருந்தாள். அதில் ஒன்றும் இது இல்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிய வேண்டிய உயரம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, முடி பாதி நரைத்து, தோள் முன்னால் வளைந்திருந்தது. அழகாக இருந்திருந்தாலாவது பரவாயில்லை. அழகிக்குச் செய்து கொடுத்தான் என்று காறித் துப்பிவிட்டு ஆறியிருக்கலாம்.

அந்த அம்மாள் பெஞ்சுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இவளைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். தரையில் பரப்பியிருந்த இரும்புச் சாமான்களைத் தாண்டி வந்து, உட்காரச் சொல்ல ஆளில்லாததால் நின்றபடியே பேசினாள்.

"நான்தான் நேத்து கூட இருந்தேன்."

"தெரியும்."

"எனக்கு உடனே தெரியலைங்க. அதுதான்... அதச் சொல்லணும்னுதான் வந்தேன்."

"கடைசியா என்ன சொன்னாரு?"

இவள் கேட்ட வேகத்தில் நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"மேசைய மடிச்சுக்குங்க மேடம்னார்."

தரையில் கிடந்த குறட்டை இவள் கையால் ஓரமாகத் தள்ளினாள்.

"எப்பவும் சொல்றதுதான். வேகத்தடை வந்தா, பிரேக் போடறதுக்கு முன்னாடி, மேசை விளிம்பு வயித்துல இடிக்கக் கூடாதுன்னு சொல்வார். நானும் மடிச்சுட்டேன். ஆனா வேகத்தடை எதுவும் வரல. வண்டிய மெதுவா ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டார். தண்ணி குடிக்க நிறுத்தறார்னு நெனச்சேன். மறுபடியும் மேசையத் திறந்து எழுத ஆரம்பிச்சேன். குனிஞ்சு எழுதிட்டிருந்ததால முன்னாடி பாக்கல. நாலு வரி எழுதிட்டேன்."

"நாலு வரியா?"

"நாலு."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இவளுக்கு இரக்கம் வரவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவன் கடைசியாக இவளிடம் சொன்னது, "மோட்டார் ஓடுது, தொட்டி நிரம்பப் போகுது பாரு." கடைசி அக்கறையும் பின்சீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

"அந்த மேசை எனக்கு வேணும்" என்றாள். "ஸ்டார் முனைதான் கிடைக்கல."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாளோ அதில் விசித்திரம் எதுவும் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அது கார்லயே இருக்கு. மேசை ஆடினா இறுக்கறதுக்குன்னு என் பக்கத்துக் கதவுப் பையில போட்டு வச்சிருந்தார்."

அதுவும் அங்கேதான்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அவள் படியிறங்கிப் போய்க் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அந்த அம்மாள் திறந்த கதவருகில் நின்றாள். முன்சீட்டு முதுகில் மேசை மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தேன் நிற மைக்காவின் ஓரத்தில் பேனா கீறிய நீலக் கோடுகள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

"கொஞ்சம் மேல தூக்கிட்டு, அப்புறம் இழுக்கணும்." அந்த அம்மாள் அவளுக்குக் குறுக்கே கை நீட்டி, பார்க்காமலே ஒரு விரலால் தூக்கினாள். மேசை சத்தமில்லாமல் விரிந்து வந்து நின்றது.

புருஷன் செய்த சாமானைத் திறக்கவும் இந்தப் பின்சீட்டம்மாதான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அவள் இரண்டு கைகளையும் கோபத்தோடு மேசைமேல் போட்டாள்.

போட்ட இடத்தில் முழங்கைகள் சரியாக உட்கார்ந்தன. தோள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. அவள் கைகளை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப அளவு எடுத்தாரு?"

"அளவா?" அந்த அம்மாள் புரியாமல் பார்த்தாள். "என்கிட்ட எடுக்கலையே. ஒரு நாள் காலையில வந்து ஏறினேன், மேசை இருந்தது. எனக்குக் கொஞ்சம் தாழ்வுதான். நல்லாக் குனிஞ்சாதான் எழுத வரும். கழுத்து வலிக்கும். அவ்வளவு ஆசையா செஞ்சிருக்கார், எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"ஒம்பதே கால்" என்றாள் இவள்.

"என்னது?"

"என் அளவு. கட்டில்ல உக்கார வச்சு எடுத்தாரு."

 அந்த அம்மாளின் கண்கள் மேசைமேல் படிந்து கிடந்த அந்த முழங்கைகளைப் பார்த்தன. ஒன்றரை வருஷம் தனக்காகச் செய்தது என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொண்ட ஒரு மேசை. அவள் முகத்தில் ஏதோ வந்து, உடனே மறைந்தது. அந்த முகத்தை இவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

அதனால் இவளுக்கு ஆறுதல் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. என் அளவை எடுத்துக்கொண்டு போய் இந்தம்மாவுக்குக் கொடுத்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. கதவுப் பைக்குள் கையை விட்டாள். ஸ்டார் முனை, அவன் பிடித்துப் பிடித்து மழுங்கிப்போன மஞ்சள் கைப்பிடியோடு, கையில் வந்தது.

மூன்று ஸ்க்ரூ எளிதாகக் கழன்றன. அந்த அம்மாள் கேட்காமலே உள்ளங்கையை நீட்டினாள். இவள் ஒவ்வொன்றாக அதில் போட்டாள். நாலாவது அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். அதன் தலை தேய்ந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"அண்ணி, வண்டி வந்தாச்சு. தூக்கப் போறாங்க" என்று நாத்தனார் ஓடி வந்தாள். "இறங்குங்க."

"நான் இதுலயே வரேன்."

"இதுலயா?"

"இதுலதான்."

நாத்தனார் அந்த அம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் மூன்று ஸ்க்ரூவையும் மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, சுற்றிப் போய் முன்சீட்டில் ஏறினாள். பின்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து பழக்கமில்லாததால் பெல்ட்டைத் தேடிக் கொஞ்சம் தடுமாறினாள். நாத்தனார் இவள் பக்கத்தில் வந்து ஒண்டிக்கொண்டாள்.

அவனை ஏற்றிய வண்டி முன்னால் போனது. கார் அதன் பின்னால் ஊர்ந்தது. ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கிய மேசை, எஞ்சின் அதிர்வுக்கே கடகடவென்று நடுங்கியது. இவள் இரண்டு முழங்கைகளையும் அதன்மேல் அழுத்தி வைத்தாள். சத்தம் நின்றது.

தெரு முனை திரும்பியதும் வேகத்தடை தெரிந்தது. புது டிரைவர் பிரேக்கில் கால் வைத்தான்.

"மேசைய மடிச்சுக்குங்க" என்றாள் அந்த அம்மாள், திரும்பாமலே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

இவள் மடிக்கவில்லை. முழங்கைகளை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கார் ஏறி இறங்கியது. விளிம்பில் ஒட்டியிருந்த ரப்பர் அவள் வயிற்றில் மெல்ல ஒரு முறை இடித்துவிட்டு விலகியது.