நோ-கோ முனையில் ஒரு பொட்டு

எண்பத்தேழாம் வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை நாலு நாள் தப்பே செய்யாமல் இருந்தது. மனுஷர் கை பட்ட இடத்தில் அப்படி நடக்குமா என்று உங்களுக்குத் தோன்றும். அங்கே வேலை பார்த்த பஞ்சவர்ணத்துக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆட்டோவின் பிரேக் மிதிக்குள் உட்கார்கிற பித்தளை புஷ் செய்யும் பட்டறை அது. புஷ் பார்க்க மோதிரம் மாதிரி இருக்கும், நடுவில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் மிதி ஆடும். ஆடி ஆடி, ஒரு நாள் நடு ரோட்டில் மிதிக்கும்போது பிரேக் பிடிக்காமல் போகும். அதனால் ஒவ்வொரு புஷ்ஷையும் சோதித்து அனுப்ப ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள்தான் பஞ்சவர்ணம். அண்ணனூரிலிருந்து ரயிலேறி வருவாள். அவள் அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. வருகிற திங்கட்கிழமையோடு அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிகிறது. அன்றைக்கு சூப்பர்வைசர் ரகுநாதன் கையெழுத்துப் போட்டால் வேலை பெர்மனென்ட்.

அவள் கையில் இருக்கும் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை உங்களுக்குப் பிடிபடாது. கேஜ் என்பார்கள். பேனா நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டு. ஒரு முனைக்கு ‘கோ’ என்று பெயர், அது ஓட்டைக்குள் போயே ஆக வேண்டும். மறுமுனைக்கு ‘நோ-கோ’. அது மயிரிழை பருமன் கூடுதல், உள்ளே போகவே கூடாது. போனால் ஓட்டை பெரிது என்று அர்த்தம். அந்தப் புஷ் சிவப்புத் தட்டுக்குப் போய்விடும்.

தேவராஜ் புஷ் கடைகிற பழைய லேத்தில் நூற்றுக்கு நாலு புஷ் சிவப்புத் தட்டுக்குப் போவது வழக்கம். ஆயுத பூஜை கழிந்து மிஷின் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. ரகுநாதன் கரும்பலகையில் பெரிதாக ஒரு சைபர் போட்டு, அதன் கோட்டைத் தினமும் தடிப்பாக்கிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் மத்தியானம் பஞ்சவர்ணம் சிவப்புத் தட்டைக் கொட்டிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா, குப்பையக் கெளறிகினு கீற?” என்று வந்தான் தேவராஜ்.

“உன் மிஷின்ல நூத்துக்கு நாலு வருமில்ல அண்ணே. இப்ப எங்க போச்சு அந்த நாலு?”

“பூசணிக்கா ஒடச்சேனே, பாக்கல? சும்மாவா.”

“பூசணிக்கா ஒடச்சா ஓட்ட சின்னதாயிடுமா?”

“நல்லது நடந்தா கம்னு வாங்கிக்கணும். வக்கீல் மாரி கேள்வி கேட்டுகினு இருக்கக்கூடாது.”

பூஜைக்கு முன்னால் அவளே கழித்துப் போட்ட புஷ் ஒன்றை எடுத்து நோ-கோ முனையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு உள்ளே போனது இப்போது போகவில்லை. இன்னொன்று, அதுவும் போகவில்லை. வரிசையாக ஒன்பது புஷ் பார்த்தாள். பத்து நாளாகத் தட்டில் கிடந்த கெட்ட புஷ் எல்லாம் கேஜ் கணக்கில் நல்ல புஷ் ஆகியிருந்தன.

அப்படியென்றால் மாறியது புஷ் இல்லை. கேஜை ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பினாள். நோ-கோ முனையின் விளிம்பில் ஏதோ கறை. நகத்தால் தொட்டாள், கல் மாதிரி இருந்தது. முகர்ந்தாள். எண்ணெய் நாற்றத்துக்குள்ளே மெல்லிசாகச் சந்தனம்.

பூஜையன்று எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவள் அவள்தான். கேஜுக்கும் இரண்டு முனையிலும் வைத்தாள். லீவு நாளில் அது காய்ந்து இறுகிவிட்டது. திரும்பி வந்து துணியால் துடைத்ததில் குங்குமம் போயிற்று, அடியில் சந்தனம் நின்றது. கோ முனை ஒரு நாளைக்கு நானூறு தடவை ஓட்டைக்குள் போய் வருவதால் அந்தப் பக்கத்துப் பொட்டு தேய்ந்து காணாமல் போயிற்று. நோ-கோ எங்கேயும் போகாது. அதன் பொட்டு பத்திரமாக இருந்து, கெட்டதையெல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டது.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அதற்கப்புறம் போன சரக்கைக் கணக்குப் போட்டாள். மூன்று நாள் சரக்கு, ஆயிரத்து இருநூறு புஷ், பூந்தமல்லிப் பக்கம் ஆட்டோ பூட்டுகிற கம்பெனிக்குப் போய்விட்டது. இன்றைய பெட்டிக்கு நாலு மணிக்கு டெம்போ வரும்.

தேவராஜ் கேஜை வாங்கிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மண்ணெண்ணெயில போட்டு அலசு. முடிஞ்சுது கத. நாளைலேர்ந்து நாலு வரும், பூசணிக்கா எஃபெக்ட்டு போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். திங்கக்கெழமை வரிக்கும் வாயத் தொறக்காத.”

“போன புஷ்ஷு?”

“அத்த அவுங்க பாத்துக்குவாங்க. அவுங்ககிட்டயும் கேஜு கீதில்ல.”

மண்ணெண்ணெய் டப்பா பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கழுவிவிட்டால் இப்படி நடந்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. கேஜைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ரகுநாதன் மேஜைக்குப் போனாள்.

அவர் கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு வெச்சது?”

“நான்தான் சார்.”

“கேஜுக்கு எவனாவது பொட்டு வெப்பானா?”

“ஒண்ணு விடாம வெக்கச் சொன்னீங்க சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. இதைக் கழுவு. இன்னிக்குப் பெட்டிய நிறுத்து. போனது போகட்டும். அங்க உள்ள எடுக்கறப்போ ஒரு தடவ செக் பண்ணித்தான் எடுப்பாங்க. நாமளே போன் பண்ணி மானத்த வாங்கிக்க வேணாம்.”

அவள் நகரவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்திருந்தது.

“சார், அந்தக் கம்பெனில ஆயுத பூஜை உண்டா?”

ரகுநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவே மறந்துபோனார். போனை இழுத்து நம்பரைச் சுழற்றினார். அந்தப் பக்கம் யாரையோ கேஜை எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பதில் வந்ததும் போனைக் கையால் மூடிக்கொண்டு, “அங்கயும் வெச்சிருக்காங்க” என்றார்.

மறுநாள் பஞ்சவர்ணமும் தேவராஜும் டெம்போவில் குமணன்சாவடி வழியாகப் போய், அந்தக் கம்பெனி ஸ்டோரில் ஆயிரத்து இருநூறையும் தரையில் கொட்டி, கழுவின கேஜால் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தேவராஜ் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான், ஆனால் பாதிக்கு மேல் அவன்தான் பார்த்தான். நாற்பத்தேழு கெட்டது கிடைத்தது. ஒன்றும் இன்னும் எந்த ஆட்டோவிலும் ஏறவில்லை.

கம்பெனி எழுத்தில் விளக்கம் கேட்டது. ரகுநாதன் ஒரு தாளை அவளிடம் தள்ளினார். “கண்டுபிடிச்சது நீ. நீயே எழுது.”

அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள். கடைசியில், ‘சந்தனம் வைத்தது: பஞ்சவர்ணம்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே ‘வைக்கச் சொன்னது’ என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, இடம் விட்டு, தாளை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

“இது வேணுமா?” என்றார் அவர்.

“தெரியல சார். அதான் எழுதாம விட்டிருக்கேன்.”

அவர் தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். டீ வந்தது, குடித்தார். பிறகு டிராயரைத் திறந்து தாளை எடுத்துத் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

திங்கட்கிழமை முதலாளி இரண்டு கடிதம் கொடுத்தார். ரகுநாதனுக்கு அந்த வருஷ இன்கிரிமென்ட் கிடையாது. பஞ்சவர்ணத்தின் பெர்மனென்ட் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். ரகுநாதன் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

“வீட்டுல அப்பா கேப்பாரில்ல. நான் வேணா வந்து சொல்லட்டுமாம்மா?”

“வேணாம் சார்,” என்றாள் பஞ்சவர்ணம். “நானே சொல்லிக்கறேன்.”